ஒன்பதாம் வகுப்பில் போய் என்ன பேசுவது? ஒருமுறை தோற்றவன் கேட்கிறேன்

கொசுவலை | வெள்ளி, இரவு 9.40

கொசு ஆராய்ச்சி செய்பவன் நான். தென்சென்னையில் ஓர் ஆய்வகம், பெயர் வேண்டாம். போன பிப்ரவரியில் தேசிய அறிவியல் தினத்தை ஒட்டி வடசென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்குப் பேசப் போனேன். யாரும் அனுப்பவில்லை. நானே கேட்டு, நானே விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நான்கு வகுப்புப் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் என்னை அறிமுகப்படுத்த இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். அதில் பாதி அப்துல் கலாமைப் பற்றியது. பொன்னாடை, ரோஜாப்பூ, புகைப்படம். என்னிடம் ஐம்பத்தெட்டு ஸ்லைடுகள். மூன்றாவது ஸ்லைடில் மின்சாரம் போய்விட்டது. அதன் பிறகு வெறும் கையை ஆட்டி ஆட்டி நான் பேசியதில் ஏற்பிகள், மூலக்கூறுகள் என்று என்னென்னவோ வந்து விழுந்தன. மரியாதை தெரிந்த பிள்ளைகள். தூங்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி, பின்வரிசைப் பையனிடமிருந்து: "சார், உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியர் முறைத்தார். "அறிவியலுக்கு வருகிறவன் சம்பளத்தைப் பார்க்கக் கூடாது தம்பி" என்று ஒரு மகாவாக்கியத்தை உதிர்த்துவிட்டு வந்தேன். பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பியபோது என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது அதே பள்ளியின் அறிவியல் ஆசிரியை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு, 64 பேர், மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?


சாக்பீஸ் | வெள்ளி, இரவு 10.15

நான் அந்தப் பள்ளியில் இல்லை, ஆனால் அதே கரையில்தான் பதினேழு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். உங்களைக் கூப்பிட்ட ஆசிரியைக்கு என் அனுதாபம். விருந்தினர் பேசிவிட்டுப் போய்விடுவார், மறுநாள் "மிஸ், அவர் சொன்னது என்ன?" என்று அறுபது பேர் கேட்பது எங்களைத்தான்.

முதலில், பிப்ரவரி 28-க்காகக் காத்திருக்காதீர்கள். 1928-இல் ராமன் தன் கண்டுபிடிப்பை அறிவித்த நாள் என்பது பெருமைதான். எங்களுக்கு அது பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக் காலம். இப்போது போகிறீர்கள், நல்லது.

இரண்டாவது, அனுமதிக் கடிதம். 2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியிலிருந்து வந்த ஒருவர் பேசிய பேச்சு எவ்வளவு பெரிய சர்ச்சையானது என்று நினைவிருக்கும். அதற்குப் பிறகு வெளியாள் என்றாலே எங்கள் தலைமையாசிரியருக்கு வியர்க்கிறது. என்ன பேசப் போகிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கல்வி அலுவலகத்து ஒப்புதலை ஆசிரியை வாங்கிக்கொள்வார்.

ஸ்லைடு வேண்டாம். இரண்டு பாடவேளையைச் சேர்த்துக் கேளுங்கள். ஒரு வகுப்பு மட்டும், அவர்களுடைய அறையிலேயே. போவதற்கு முன் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை ஒருமுறை புரட்டுங்கள். மலேரியா அதில் வருகிறது. 'செல்' என்று புத்தகத்தில் இருந்தால் செல் என்றே சொல்லுங்கள், 'உயிரணு' என்று படித்திருந்தால் உயிரணு. தனித்தமிழா கலப்புத் தமிழா என்ற உங்கள் சண்டையை அறுபத்து நான்கு பேர் தலையில் ஏற்ற வேண்டாம்.


மூன்றாம்பெஞ்ச் | வெள்ளி, இரவு 11.02

அண்ணா, அந்தச் சம்பளக் கேள்வியைக் கேட்டது நானாக இருந்திருக்கலாம். நான் வியாசர்பாடி. இப்போது விலங்கியல் கடைசி ஆண்டு. எங்கள் வீட்டில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே கேள்விதான்: "இதைப் படித்தால் என்ன கிடைக்கும்?" பதில் தெரியாததால்தான் பலர் வேறு பக்கம் போனார்கள். 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பதை நானே கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பதினான்கு வயதில் தெரிந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். சில மாதங்கள் பணம் தாமதமாக வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பரவாயில்லை.

எங்கள் பள்ளிக்கு ஒரு வேதியியல் ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவர் பேசியதில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. அவருடைய விரலில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. மஞ்சள்தூளா என்று கேட்டோம். நைட்ரிக் அமிலம் பட்டது, தோலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து நிறம் மாறிவிட்டது, கழுவினால் போகாது, அந்தத் தோல் உதிர்ந்தால்தான் போகும் என்றார். அன்று சாயங்காலம் முழுக்க அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.


எதிர்க்கட்சி | சனி, காலை 7.20

எல்லோரும் உருகுவதால் யாராவது ஒருவர் இதைச் சொல்ல வேண்டும். இந்தத் தன்னார்வம் யாருக்குப் பயன்? நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் 'சமூகத் தொடர்பு' என்று ஒரு பத்தி நிரம்பும், படத்தோடு. பிள்ளைக்கு ஒரு சான்றிதழ்.

நான் படித்த பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. பீரோவில் பூட்டியிருக்கும். உடைந்தால் ஆசிரியர் கைப்பணம் கட்ட வேண்டுமாம். ஏழு வருடத்தில் அதை நான் பார்த்தது ஆயுத பூஜையன்று மட்டும், சந்தனப் பொட்டு வைத்து. ஆண்டுக்கு ஒருமுறை விஞ்ஞானியை இறக்குவதற்குப் பதிலாக அந்தப் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். அது அரசின் வேலை, தன்னார்வலரின் வேலை இல்லை.


சாக்பீஸ் | சனி, காலை 8.05

பீரோ விஷயம் உண்மை. எங்கள் பள்ளியில் சாவி என்னிடம்தான் இருக்கிறது, நானும் பயந்துகொண்டுதான் திறக்கிறேன். ஆனால் 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் கையால் எதையாவது செய்து பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஏறியதும் எல்லாம் மறுபடி கரும்பலகைக்குப் போய்விடுகிறது. கொசுவலை போகிற இடம் சரியாக அந்தப் பள்ளம்.


அலைவரிசை | சனி, காலை 10.30

எதிர்க்கட்சி ஐயாவுக்கு ஒரு பழைய சென்னைக் கதை. 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்டு இங்கே வந்தார், மாநிலக் கல்லூரியில் பேசினார். அங்கே படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் வானியற்பியலாளரான சந்திரசேகருக்கு அப்போது பதினெட்டு வயதையொட்டி. சோமர்ஃபெல்டின் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த தைரியத்தில் அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்விட்டார். பெரியவர் பாராட்டுவார் என்று நினைத்திருப்பார். அவரோ, அந்தப் புத்தகம் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது, ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் என்று புதிய இயற்பியலே பிறந்துவிட்டது என்றார். பையன் முகம் வாடியிருக்கும். அதோடு அனுப்பிவிடாமல், உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதி இன்னும் வெளியாகாத கட்டுரையின் மெய்ப்புகளை, அதாவது பிழை திருத்தப் பார்க்கும் அச்சுத் தாள்களை, கையில் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1983-இல் நோபல் பரிசு.

எனக்கு இதில் பிடித்தது நோபல் இல்லை, அந்த மெய்ப்புகள்தான். அச்சுக்கே வராத வேலையைப் பையனிடம் கொடுத்தார் பாருங்கள். ஐம்பத்தெட்டு ஸ்லைடில் கொசுவலை காட்டியது எல்லாம் முடிந்த வேலையாக இருந்திருக்கும்.


எதிர்க்கட்சி | சனி, காலை 11.10

நல்ல கதை. சந்திரசேகர் சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வியாசர்பாடிப் பையன் அப்படி ஒரு விடுதிக்குப் போயிருந்தால் வாசல் காவலாளியைத் தாண்டியிருப்பானா? மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் ஜிக்யாசா என்று தொடங்கியது. விஞ்ஞானிகளையும் பள்ளிகளையும் இணைக்கும் திட்டம், நல்ல எண்ணம். ஆனால் முதலில் கைகோத்தது கேந்திரிய வித்யாலயாக்களோடு. மாநகராட்சிப் பள்ளிகளோடு இல்லை.


அலைவரிசை | சனி, காலை 11.25

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கொசுவலை காவலாளி இல்லாத இடத்துக்குப் போகிறார்.


வேளச்சேரி அம்மா | சனி, பகல் 12.40

என் பெண் பதினொன்றாம் வகுப்பு. தனியார் பள்ளி, நீட் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமையும் தேர்வு. இப்படி யாராவது வந்து பேசினால்கூட "பாடத்தில் வருமா?" என்று கேட்கிறாள். கோபம் வருகிறது, பிறகு அவள் மேல் பாவமாகவும் இருக்கிறது. இவளைப் போன்றவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா?


அலைவரிசை | சனி, பகல் 1.15

தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2016 முதல் மியூசிக் அகாதெமியில் 'சபாவில் அறிவியல்' நடத்துகிறது, அக்கா. கச்சேரி மேடையில் விஞ்ஞானிகள் பேசுவார்கள். கூட்டிப் போங்கள். பாடத்தில் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.


நள்ளிரவு நடை | சனி, மாலை 5.50

உரையே இல்லாமல்தான் நான் அறிவியலுக்கு வந்தேன். பதினாறு வயதில் ஆமை நடை. சென்னையில் மாணவர்களே சேர்ந்து 1988 முதல் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அது. ஜனவரி முதல் சில மாதங்கள், நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடப்பார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட தடம் தெரிந்தால் கூட்டைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். ஒரு கூட்டில் நூறுக்கு மேல் முட்டைகள் இருக்கும்.

என்னோடு நடந்தவர்களில் ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். நீளமான குச்சியால் மணலைக் குத்திப் பார்த்துக்கொண்டே, கூட்டின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம் என்று போகிறபோக்கில் சொன்னார். அப்படியானால் வெயில் ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதுதான் கவலை" என்றார், மறுபடி மணலைக் குத்தப் போய்விட்டார். இரண்டே சொல். இருபது வருடம் கழித்தும் அந்தக் குச்சி சத்தம் கேட்கிறது.


பழைய சேத்துப்பட்டு | ஞாயிறு, காலை 6.30

ஓய்வு பெற்றுப் பத்து ஆண்டு ஆகிறது. காசநோய் ஆராய்ச்சியில் இருந்தேன். பள்ளிகளில் நான் சொல்லும் கதை ஒன்றுதான், அதை எப்படிச் சொல்வேன் என்று சொல்கிறேன், தம்பிக்கு உதவலாம்.

காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்று இருந்த காலம். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையத்தில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. பாதிப் பேர் அவரவர் வீட்டில்: ஒற்றை அறை, அரை வயிறு, வேலை. மருந்து இருவருக்கும் ஒன்றே. இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். யார் அதிகம் குணமாகியிருப்பார்கள், கை தூக்குங்கள் என்பேன். வகுப்பு முழுக்கச் சானடோரியத்துக்குத்தான் கை தூக்கும். ஒரு பள்ளியில் ஆசிரியரும் தூக்கினார்.

ஓர் ஆண்டு முடிவில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். 1959-இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகுதான் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவது உலக வழக்கமானது. தாங்கள் நூற்றுக்கு நூறு தப்பாகச் சொன்னதில் பிள்ளைகளுக்கு ஓர் அதிர்ச்சி இருக்கிறதே, அதை நான் கெடுப்பதில்லை. விடையை முதலில் சொல்லிவிட்டால் அது வெறும் வரலாற்றுப் பாடம்.

இன்னொன்று. பேசி முடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். அரை மணி நேரம் வராந்தாவில் சும்மா நில்லுங்கள். ஒருமுறை அப்படி நின்றபோது ஒரு பெண் வந்து, தன் பாட்டி மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார், வீட்டில் யாருக்கும் தெரியாது என்றாள். அறுபது பேர் முன்னால் அதைக் கேட்டிருப்பாளா?


கொசுவலை | ஞாயிறு, இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒரு திட்டம் போட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் தேங்கியிருக்கும் தண்ணீரில் ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும். வெள்ளைத் தட்டில் ஊற்றிக் கொசுப்புழு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்போம். நீர்மட்டத்துக்குக் கீழே தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். வாலில் உள்ள மூச்சுக்குழலை மேலே நீட்டிக்கொண்டு தொங்கும். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்த மாதிரி கிடந்தால் அனாபிலிஸ். அதற்கு அந்தக் குழல் கிடையாது. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும்தான் வளர்கிறது. ஆக, யார் வீட்டில் என்ன கொசு என்று ஒரு வகுப்பு வரைபடமே போட்டுவிடலாம். எப்படி?


சாக்பீஸ் | ஞாயிறு, இரவு 9.10

மோசம். கோபித்துக்கொள்ளாதீர்கள். யார் பாட்டிலில் புழு இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு அன்றிலிருந்து 'புழு' என்று பெயர் வைத்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பு முடியும் வரை அது போகாது. குழாயில் தண்ணீர் வராத தெருவில்தான் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்பார்கள். புழு அங்கேதான் இருக்கும். வரைபடம் போட்டால் யார் ஏழை என்ற வரைபடம்தான் வரும்.


மூன்றாம்பெஞ்ச் | ஞாயிறு, இரவு 9.18

அக்கா சொல்வது சத்தியம். எனக்கே ஒரு பட்டப்பெயர் இருந்தது. என்னவென்று சொல்ல மாட்டேன்.


கொசுவலை | ஞாயிறு, இரவு 9.30

எனக்கு இது தோன்றவே இல்லை. பள்ளித் தொட்டியிலிருந்து எடுக்கலாமா?


சாக்பீஸ் | ஞாயிறு, இரவு 9.34

எடுக்கலாம். அதற்குப் பிறகு உங்களை மூன்றாவது முறை கூப்பிட மாட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.


எதிர்க்கட்சி | ஞாயிறு, இரவு 10.02

சரியான யோசனை. விஞ்ஞானி வீட்டுப் புழு.

இவ்வளவு பேசிய பிறகு நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வானாய்வகத்தின் கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டும் அதில் உண்டு. அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி கூடிக் குறையும் மாறுவிண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்கு விளக்க உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதினார், அது பல இந்திய மொழிகளில் வந்தது. ஆண்டறிக்கைக்காக எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். கொசுவலையும் உரையாடலாகவே வைத்துக்கொள்ளட்டும். பீரோவைப் பற்றிச் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை.


கொசுவலை | பதினேழு நாள் கழித்து, புதன், இரவு 8.20

போய் வந்தேன்.

வீட்டில் புழு தேடினேன். தொட்டி சுத்தம், பூந்தொட்டித் தட்டு சுத்தம். பெருமையோடு தேடலை முடிக்கப் போனவன், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டை இழுத்துப் பார்த்தேன். நாற்பதுக்கும் மேல். ஏடிஸ். பன்னிரண்டு வருடமாகக் கொசு ஆராய்ச்சி. மனைவி எதுவும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

கூட்டுப்புழுக்களைப் பிரித்துவிட்டு, புழுக்களை மட்டும் வலை கட்டிய டப்பாவில் எடுத்துப்போனேன். எங்கிருந்து வந்தன என்பதையே முதலில் சொன்னேன். வகுப்பு அரை நிமிடம் திகைத்து, பிறகு கூரை பறக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு, தங்கள் வீட்டில் எங்கெங்கே புழு இருந்தது என்று அவர்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். நான் கேட்கவே இல்லை. சம்பளமும் சொன்னேன், சரியான தொகை. பின்வரிசையில் ஒருவன் அதைப் பன்னிரண்டால் பெருக்கினான்.

எட்டு வெள்ளைத் தட்டு, எட்டு லென்ஸ். தட்டின் மேல் கையை நீட்டி நிழல் விழச் செய்தால் புழுக்கள் சட்டென்று அடியில் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தார்கள். நான் அடுத்த விஷயத்துக்குப் போக அவசரப்பட்டேன். ஜன்னலோரத் தட்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "சார், ஏழெட்டு முறை செய்த பிறகு சில புழு இறங்கவில்லை. களைத்துவிட்டதா, இல்லை பழகிவிட்டதா?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே இந்தத் தட்டில் நடப்பது எது என்று எனக்குத் தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று திருப்பிக் கேட்டேன். வகுப்பே கத்தியது, ஒன்றும் உருப்படியாக இல்லை. அவள் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நிழலை விட்டுவிட்டுத் தட்டைத் தட்டிப் பார்க்கலாம். களைத்திருந்தால் அதற்கும் இறங்காது. பழகியிருந்தால் இதற்கு இறங்கும்" என்றாள். ஆய்வகத்தில் இந்த மாதிரிக் கட்டுப்பாட்டுச் சோதனையை யோசிக்கப் புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒரு பருவம் ஆகும்.

தட்டினாள். இரண்டு இறங்கின, ஒன்று இறங்கவில்லை. மணி அடித்துவிட்டது.

பழைய சேத்துப்பட்டு அம்மா சொன்னபடி வராந்தாவில் நின்றேன். ஆறு பேர் வந்தார்கள், அவளும்தான். மூன்று புழுவை வைத்து எதுவும் சொல்ல முடியாது, குறைந்தது முப்பது வேண்டும் என்றேன். "உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறதா சார்?" என்றாள். பாதியை ஆய்வகத்தில் விட்டுவைத்திருக்கிறேன். மீதத்தை வெயில் காயும் தரையில் கொட்டிவிட்டேன்; சாக்கடையில் ஊற்றவில்லை, கவலை வேண்டாம்.

வியாழக்கிழமை மறுபடி போகிறேன். பொன்னாடை தரவில்லை இந்த முறை.


எதிர்க்கட்சி | புதன், இரவு 8.55

நுண்ணோக்கி?


கொசுவலை | புதன், இரவு 9.01

பீரோ திறந்தது. விளக்கு எரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைத் திருப்பிச் சமாளித்தோம்.


சாக்பீஸ் | புதன், இரவு 9.15

வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு அலகுத் தேர்வு. எங்கள் பள்ளிக்கும் அதே அட்டவணைதான். வெள்ளிக்கிழமைக்கு மாற்றுங்கள். குறைந்தது மூன்று ஸ்டாப்வாட்ச் கொண்டுபோங்கள். ஒன்று இருந்தால் அதற்கே சண்டை வரும்.